மை துடைக்கையில் சொன்ன விலை

பாலம் வருகிறது என்ற செய்தி காய் பூன் ஊருக்கு லாட்டரிச் சீட்டு விற்கிறவள் மூலமாக வந்தது. காலை ஏழு மணிக்கு அவள் சொன்னபோது அது வெறும் பாலம். சந்தைக்குள் நுழைந்து வெளியே வந்தபோது நாலுவழிப் பாலம். மதியம் காப்பிக் கடையின் கயிற்றுத் தொட்டில்களில் கிடந்தவர்கள் அதற்கு விளக்குக் கம்பம் நட்டு, சுங்கச்சாவடி வைத்து, அந்தச் சாவடியில் யார் மருமகனுக்கு வேலை என்பதுவரை முடிவு செய்துவிட்டார்கள். ஆற்றின் இந்தக் கரையில் பாலம் இறங்கப்போகிற இடம் எட்டாமவர் போங்கின் வாத்துப் பண்ணையாம். வாத்துகளுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

ஊரே நம்பியது, ஏழாமக்கா லாய் தவிர.

எங்கள் பக்கத்தில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. வீட்டில் எத்தனையாவது பிள்ளையோ, அந்த எண்தான் பெயர். அந்த எண்ணும் ஒன்றில் தொடங்காது, இரண்டில் தொடங்கும். தலைப்பிள்ளையைப் பேய் கொண்டுபோகும் என்பதால் அவனையே 'இரண்டாமவன்' என்று அழைத்துப் பேயை ஏமாற்றி வைத்திருக்கிறோம். பேயிடமே சரியான கணக்கைச் சொல்லாதவர்கள் வரி வசூலிக்கிறவனிடம் நிலத்தின் விலையைச் சொல்லிவிடுவார்களா?

ஆகவே காய் பூனில் ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு விலை உண்டு. பத்திரத்தில் எழுதுவது ஒன்று, கையில் கொடுப்பது இன்னொன்று. முப்பது கோடி தோங் என்று எழுதியிருந்தால் தொண்ணூறு கைமாறியிருக்கிறது என்று பொருள். (கோடி என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். ஒரு கோப்பைக் காப்பியே பதினைந்தாயிரம் விற்கிற ஊர்.) காகிதத்தில் உள்ளதை மூன்றால் பெருக்கு. இது எழுதாத சட்டம். எழுதிய சட்டங்களைவிட இதை ஜனங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

ஏழாமக்காவுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. நோட்டரி அலுவலகத்துக்கு நேர் எதிரே, பத்தொன்பது வருஷமாக நகல் எடுக்கும் கடை. ஊரில் விற்கப்படும் ஒவ்வொரு நிலத்தின் பத்திரமும் அவள் கண்ணாடி மேல் ஒருதரம் குப்புறப் படுத்துத்தான் எழுந்திருக்கும். அதனால் எழுதிய விலை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எழுதாத விலையைப் பிடிப்பதற்குத்தான் அவள் ஒரு வழி வைத்திருந்தாள்.

நோட்டரியிடம் கையெழுத்து மட்டும் போதாது, சுட்டுவிரல் ரேகையும் வைக்க வேண்டும். அந்த மை லேசில் போகாது. அலுவலகத்தில் துடைக்க ஒரு கந்தல்கூட வைக்கவில்லை. விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தை வெளிக்குப் போகக் கேட்கிற மாதிரி, எல்லோரும் தெருவைக் கடந்து அவள் கடைக்குத்தான் வருவார்கள். அவள் ஈரக் காகிதப் பெட்டியை நீட்டுவாள், இலவசமாக.

"நல்லாத் தேய்ங்க சித்தப்பா, நகக்கண்ணுல நிக்குது பாருங்க. எவ்வளவுக்குப் போச்சு?"

பத்து வினாடிக்கு முன் அரசாங்கத்திடம் பொய் சொல்லிவிட்டு வந்த மனிதன், மை துடைக்கும்போது உண்மை சொல்வான். மனித சுபாவம் அது. மனசு இளகுவது கோவிலில் என்பார்கள். இல்லை, கையில் மை இருக்கும்போதுதான். அவன் சொன்னதை ஏழாமக்கா கணக்கு நோட்டில் குறித்துக்கொள்வாள்: இடம், முகப்பு எத்தனை மீட்டர், பத்திர விலை, வாய் விலை. யார் விற்றார் என்பதுகூட ஓர் எழுத்தில் இருக்கும். யார் வாங்கினார் என்று எழுத மாட்டாள். விலைதானே கேட்கிறார்கள், வாங்கினவன் ஜாதகத்தையா?

மாவட்டத்திலேயே நம்பக்கூடிய நில விலை அந்த நோட்டில்தான் இருந்தது. பெண்ணுக்கு மனை எழுதுகிறவர்கள், அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறவர்கள், கடன் கொடுக்கும் வங்கிக்காரன்கூட மதிப்புப் போடுமுன் அவளிடம் வந்து சாக்குக்கு இரண்டு பக்கம் நகல் எடுத்து விலை கேட்பான். விலை சொன்னதற்குக் காசு வாங்கமாட்டாள். "தரகன் சொன்னான்" என்று யாராவது தொடங்கினால் போதும், "தரகன் சொன்னானா? அப்ப நிலமே இருக்கான்னு முதல்ல போய்ப் பாரு" என்பாள். அந்தப் பெருமைதான் அவளுக்குக் கூலி. செத்துப்போன கணவன்கூட, "எம்பொண்டாட்டிகிட்ட பொய் சொல்ல நான் அடுத்த ஜில்லாவுக்குப் போய்ப் பழகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பாலம் பிறந்த அதே மாதம் அவள் தங்கை ஹுவே தைவானிலிருந்து வந்து சேர்ந்தாள். வீட்டின் கடைக்குட்டி. நாற்பத்துமூன்று வயது. பதினோரு வருஷம் அங்கே அடுத்தவர் வீட்டுக் கிழங்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, மூத்திரப் பை மாற்றிச் சேர்த்தது எண்பத்திரண்டு கோடி தோங். முதுகுத்தண்டில் இரண்டு எலும்பு விலகியிருந்தது. ஆசை ஒன்றே ஒன்று. சாலையைப் பார்த்து ஒரு மனை, அதில் ஒரு நூடுல்ஸ் கடை, மேலே ஓர் அறை.

"இனிமே எந்தக் கிழத்தையும் நான் தூக்க மாட்டேன் அக்கா. நீ கிழமானாக்கூட."

"நான் கிழமாகிறதுக்குள்ள உன் முதுகு போயிடும். கவலைப்படாதே."

தரகன் கியெத் அவளை மோப்பம் பிடிக்க மூன்று நாள் ஆகவில்லை. வீட்டில் நாலாமவன். வெள்ளைச் சட்டை, மழை பெய்தாலும் சேறு ஒட்டாத செருப்பு. வாத்துப் பண்ணை வரிசையில் ஐந்து மீட்டர் முகப்புள்ள ஒரு மனை, தொண்ணூறு கோடி, அவளுக்காக எண்பத்திரண்டு. தன்னிடம் உள்ள தொகையும் கேட்கிற விலையும் இவ்வளவு பொருத்தமாக இருப்பது எப்படி என்று ஹுவே யோசித்திருக்கலாம். பதினோரு வருஷம் பிறத்தியார் ஜீரணத்தைப் பற்றியே யோசித்தவள், தன் விஷயத்தில் யோசிக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"அக்கா, நீ ஆமான்னு சொன்னா வாங்குறேன். இல்லைன்னா பணத்தை அப்படியே பேங்க்ல போட்டுடுறேன். யார் பேச்சையும் கேக்க மாட்டேன்."

ஏழாமக்கா ஒரு மாதம் அவகாசம் கேட்டாள். விசாரிப்பதென்று இறங்கிவிட்டால் அவள் சும்மா விடுகிறவள் இல்லை.

முதலில் ஊராட்சி அலுவலகம். நிலப் பிரிவு அலுவலர் ஐஸ் தேநீரை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னார்.

"பாலம் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது, ஏழாவது. மேல கருத்துக் கேட்டிருக்கோம்."

"எப்போ கேட்டீங்க?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி."

சுவரில் திட்ட வரைபடம் தொங்கியது. ஆற்றின் குறுக்கே, சரியாக வாத்துப் பண்ணைக்கு நேராக, ஒரு கோடு தெரிந்தது. நெருங்கிப் போய்ப் பார்த்தாள். கரையான் போன தடம்.

அரசாங்க விலைப்பட்டியல் கேட்டாள். அதன்படி அந்த மனையை விற்றால் ஒரு சுமாரான சண்டைச் சேவல் வாங்கலாம். கைப்பேசியில் விளம்பரங்களைப் பார்த்தாள். நூற்றுப் பதினான்கு மனைகள் விற்பனைக்கு, நூற்றுப் பதினான்கு வெவ்வேறு விலை. எல்லாப் படத்திலும் வலது மூலையில் அதே நொண்டி வாத்து நின்றது.

"பாத்தியா?" என்றாள் தங்கையிடம், படத்தைக் காட்டி. "இதையெல்லாம் நம்புறவன் மடையன். மை துடைக்க வரட்டும், தெரிஞ்சிடும்."

வந்தார்கள். மூன்று வாரத்தில் ஐந்து பேர். எல்லோரும் வாத்துப் பண்ணை வரிசைக்காரர்கள். முதலில் வந்தது எட்டாமவர் போங்கே. எழுபது தாண்டியவர், பின்னால் மனைவி. பண்ணையில் ஒரு மனையளவு விற்றிருக்கிறார். பத்திரத்தை அவள் கண்ணாடியில் வைத்து எடுத்தாள். முப்பது கோடி. ஈரக் காகிதத்தை நீட்டினாள்.

"எவ்வளவுக்குப் போச்சு மாமா?"

கிழவர் விரலைத் துடைத்தார். மனைவியை ஒருமுறை பார்த்தார். தெருப்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "தொண்ணூறு" என்றார். "யார்கிட்டயும் சொல்லாதே."

யாரிடமும் சொல்லாதே என்று ஒருவன் சொன்னால் அது உண்மை என்பதும் ஏழாமக்காவின் விதிகளில் ஒன்று. அடுத்து வந்தவன் எண்பத்தேழு. பத்திரத்தில் இருபத்தொன்பது. பிறகு தொண்ணூற்றுமூன்று, பத்திரத்தில் முப்பத்தொன்று. ஐந்துக்கு ஐந்து, மூன்றால் பெருக்கினால் மணி மணியாக வந்து விழுந்தது. பத்தொன்பது வருஷ நோட்டில் இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு அவளுக்கு வந்ததில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். அவளோ பூரித்துப்போனாள். பாலம் வருமோ வராதோ, விலை நிஜம். நிஜ விலை தொண்ணூறு, தங்கைக்கு எண்பத்திரண்டு.

"வாங்கு" என்றாள்.

நோட்டரி அலுவலகத்தில் கியெத் பவ்யமாகக் கேட்டான்: "பத்திரத்துல முழுசா எண்பத்திரண்டும் எழுதிடலாமா, ஏழாமக்கா? எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை."

ஏழாமக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கே? எவளாவது முழுசா எழுதுவாளா? இருபத்தேழுன்னு போடு." பதிவுக் கட்டணத்தில் இருபத்தேழரை லட்சம் தோங் மிச்சம். அந்தக் காசில் கடைக்கு நல்ல குழம்புப் பானை ஒன்று வாங்கலாம் என்று தங்கையிடம் சொன்னாள். ஹுவே விரல் ரேகை வைத்தாள். தெருவைக் கடந்து வந்து அக்கா கடையில் மை துடைத்தாள். அன்றைக்கு அவளிடம் யாரும் விலை கேட்கவில்லை.

ஏழு மாதம் பாலத்துக்காகக் காத்திருந்தார்கள். ஆறு அதன்பாட்டுக்கு ஓடியது. வாத்துப் பண்ணை ஓரத்தில் தரகர்கள் விரித்திருந்த குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. அவற்றின் கீழே கிடந்த மேசைகளைச் சந்தையில் சூப்பு விற்கிறவள் வாங்கிக்கொண்டாள். ஹுவே மனைமேல் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பலாம் என்று வங்கிக்குப் போனாள். வழக்கமாக ஏழாமக்காவிடம் விலை கேட்கும் அதே வங்கிக்காரன் கடைக்கு வந்து, தலையைச் சொறிந்தான்.

"அக்கா, மிஞ்சிப் போனா இருபத்தஞ்சுக்கு மதிப்புப் போடலாம்."

"பத்திரத்தைப் பாத்துட்டுப் பேசாதே. அது எண்பத்திரண்டு."

"அந்த வரிசையில அஞ்சு பேர் கணக்கும் எங்க பேங்க்லதான் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் உள்ள வந்த பணம் முப்பது, முப்பதுதான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

யாரிடமும் சொல்லாதே என்றால் உண்மை. அவள் விதிப்படியே அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். கடையைச் சாத்திவிட்டு நேரே வாத்துப் பண்ணைக்குப் போனாள்.

எட்டாமவர் விற்ற நிலத்திலேயே வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். வாங்கினவன், பாலம் வரும்வரை மேய்த்துக்கொள் என்று சொல்லியிருந்தானாம்.

"மாமா, எவ்வளவுக்கு வித்தீங்க?"

"முப்பது."

"என் கடையில நின்னு தொண்ணூறுன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்." கிழவர் ஒளிக்கவே இல்லை. "நாலாமவன் கியெத் சொல்லச் சொன்னான். அவந்தானே வாங்கினவன். ஏழாமக்கா மை துடைக்கக் காகிதம் குடுப்பா, விலை கேப்பா, ரகசியமாச் சொல்ற மாதிரி தொண்ணூறுன்னு சொல்லுங்கன்னான். ரெண்டு பெட்டி பீரு குடுத்தான். பீரு குடுக்காட்டியும் சொல்லியிருப்பேன்னு வச்சுக்கோ. எம்பொண்டாட்டி பக்கத்துல நிக்கிறா. ஆயுசுல ஒருநாளாவது தொண்ணூறு கோடிக்காரன் மாதிரி நின்னு பாக்க வேண்டாமா?"

"என் தங்கச்சி எண்பத்திரண்டு குடுத்து வாங்கியிருக்கா மாமா."

கிழவர் கம்பைத் தரையில் ஊன்றி, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஏன்? பத்திரத்துலதான் முப்பதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துதே. நகல் எடுத்தவளே நீதானே, ஏழாவது! படிக்கலையா?"

படித்தாள். படித்து, மூன்றால் பெருக்கினாள். காய் பூன் சரித்திரத்திலேயே உண்மையை எழுதிய பத்திரங்கள் அந்த ஐந்துதான். உண்மையை அவள் கையில் பிடித்து, வெளிச்சம் காட்டி, ஆளுக்கு மூன்று பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

கியெத் ஓடி ஒளியவில்லை. அடுத்த வாரம் அவனே கடைக்கு வந்தான், ஏதோ நகல் எடுக்க. அவளுக்கென்று ஒரு கரும்புச் சாறும் வாங்கி வந்தான்.

"கோவமா அக்கா?"

"உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்குறேன்."

"இழுங்க. ஆனா யோசிச்சுச் செய்ங்க. முப்பதுக்கு வாங்கினதுக்கு எங்கிட்டப் பத்திரம் இருக்கு. உங்க தங்கச்சிக்கு இருபத்தேழுக்குக் குடுத்ததுக்கும் பத்திரம் இருக்கு. ஜட்ஜ் முன்னால போனா, மூணு கோடி நட்டப்பட்டவன் நான்." சாற்றை அவள் பக்கம் நகர்த்தினான். "நான் முழுசா எழுதலாமான்னு கேட்டேன். நீங்கதான் சிரிச்சீங்க."

"என்னை ஏண்டா பிடிச்சே? ஊர்ல வேற ஆளா இல்லை?"

"வேற யார் சொன்னா ஜனங்க நம்பும்? எனக்கு நம்பிக்கையான ஆள் நீங்க ஒருத்தர்தான்." அதை அவன் நையாண்டியாகச் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எடுத்த நகலுக்குக் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

தங்கையிடம் அவளே போய்ச் சொன்னாள். அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராகப் போயிருந்தாள். ஹுவே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

"தெரிஞ்சு சொன்னியா அக்கா, தெரியாமச் சொன்னியா?"

"சத்தியமாத் தெரியாமத்தான்."

"தெரிஞ்சு சொல்லியிருக்கலாம். உனக்காவது ஏதாவது கிடைச்சிருக்கும்."

விஷயம் ஊருக்குப் பரவியது. இனி இந்தக் கடைப் பக்கம் விலை கேட்டு ஒரு காக்கை வராது என்று ஏழாமக்கா நினைத்தாள். நோட்டைக் கட்டி மேலே போட்டாள். வந்தது இரண்டு மடங்கு கூட்டம். காப்பிக் கடை அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தது: "சொந்தத் தங்கச்சிக்கே ஓரவஞ்சனை இல்லாம நட்டம் பண்ணினவ. நமக்குன்னு தனியாப் பொய் சொல்லவா போறா?" புதிதாகத் தொழிலுக்கு வந்த தரகர்கள் அவளுக்கு டெட் புத்தாண்டுக்கு ஆரஞ்சுக் கூடை அனுப்பினார்கள். நகல் எடுக்க வந்தவர்கள் கேட்காமலே ஈரக் காகிதத்தை உருவி, மை இல்லாத விரலைக்கூடத் துடைத்து, விலை சொன்னார்கள். அவள் "ம்" என்பாள். அந்த "ம்" சாயங்காலத்துக்குள் இரண்டு கோடி ஏறும்.

ஹுவே மனையை விற்கப் பார்த்தாள். பதினெட்டுக்குக் கேட்டான் ஒருவன், அதுவும் தவணையில். அவள் விற்கவில்லை. மறுபடி தைவானுக்குப் பெயர் பதிந்தாள். நாற்பத்துநாலு வயதுக்காரியை வீட்டு வேலைக்கு எடுப்பது சிரமம் என்று ஏஜென்ட் இழுத்தான். கமிஷன் கூடுதலாகக் கொடுத்தால் படுத்த படுக்கையாக, தொண்ணூறு கிலோவில் ஒரு கிழவர் இருக்கிறாராம். ஒத்துக்கொண்டாள். முதுகு எக்ஸ்ரே படத்தைக் காட்டவில்லை.

புறப்பட்ட நாளில் ஏஜென்டின் வேன் தெருவில் உறுமிக்கொண்டு நிற்க, அவள் கடைக்குள் வந்தாள். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், மருத்துவச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். வேறு நகல் கடை ஊரில் இல்லை. ஏழாமக்கா ஒவ்வொரு தாளாக எடுத்தாள். சூடான தாள்களைத் தட்டி அடுக்கிக் கொடுத்தாள்.

"எவ்வளவு?"

"போடி. உங்கிட்டக் காசு வாங்குவேனா?"

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"முப்பத்தெட்டுப் பக்கம். பத்தொன்பதாயிரம்."

ஹுவே ஐம்பதாயிரம் தோங் தாளை மேசைமேல் வைத்தாள். பெட்டியில் சில்லறை இல்லை. "இரு, இரு, ஒரு நிமிஷம்" என்று ஏழாமக்கா பக்கத்துக் கரும்புச் சாற்றுக் கடைக்கு ஓடினாள். கடைக்காரியிடமும் இல்லை. அடுத்த சலூனுக்கு ஓடினாள். சவரம் செய்துகொண்டிருந்தவன் கையைத் துடைத்து, இழுப்பறையைத் திறந்து, நிதானமாக எண்ணினான். முப்பத்தோராயிரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தெருவுக்கு வந்தபோது வேன் சந்தை முனை திரும்பியிருந்தது.

"முப்பத்தோராயிரம் உனக்குத் தரணும்" என்று அன்றே செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இல்லை. டெட் பண்டிகைக்கு இன்னொரு முறை அனுப்பினாள்: "அக்கவுண்ட் நம்பர் சொல்லு, போட்டுடுறேன்." அதையும் பார்த்திருக்கிறாள்.